கதவு சாத்தியிருந்தால்

உங்கள் டோக்கன் எத்தனை? இருபத்து மூன்றா? எனக்கு இருபத்தொன்று. இப்போதுதான் பதினாறு உள்ளே போயிருக்கிறது. உட்காருங்கள், ஒன்றும் அவசரமில்லை. இந்த டாக்டர் ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் எடுப்பார். தூத்துக்குடியில் வேறு பிள்ளை டாக்டரே இல்லையா என்று கேட்காதீர்கள், இரண்டு பேரைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். அவர்கள் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் மருந்து எழுதினார்கள். இவர் கேள்வி கேட்கிறார். அதுதான் இப்போது எனக்குத் தலைவலி.

இவன் என் மகன், ஜோவின். பதினோரு மாதம். பாருங்கள், தூங்கும்போதும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. நெஞ்சுக்குள் யாரோ காகிதத்தைக் கசக்குகிற மாதிரி. மூன்று வாரமாக இப்படித்தான். உங்கள் மகளுக்கு என்ன? சளிதானே, போய்விடும். இது சளி இல்லை. எங்கள் அப்பார்ட்மென்டைக் கழுவுகிற ஒருத்தி செய்து வைத்த வேலை.

முத்துக்கனி என்று பெயர். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒன்றாகச் சேர்த்தால் என்ன ஆகும் என்றுகூடத் தெரியாத ஜென்மம். இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் என்னிடம் வேதியியல் படித்தவள்.

நிஜமாகத்தான் சொல்கிறேன். காலையில் நாலு மாடியும் கழுவி முடித்துவிட்டு, பதினொரு மணிக்கு ஒரு நோட்டைச் சேலை முந்தியில் சுற்றிக்கொண்டு வந்து வாசலில் நிற்பாள். முப்பத்தாறு வயது. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். ‘மிஸ்’ என்று கூப்பிடு என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். படிப்பு என்று வந்துவிட்டால் அதற்கென்று ஒரு மரியாதை வேண்டாமா?

ஏதோ ஒரு கல்லூரியில் அட்டெண்டர் வேலை இருக்கிறதாம். பத்தாம் வகுப்பு பாஸ் பண்ணியிருந்தால் எடுத்துக்கொள்வார்களாம். தனித்தேர்வராக எழுதி மற்ற எல்லாப் பாடத்தையும் தாண்டிவிட்டாள், அறிவியல் மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. “இந்தச் சமன்பாடுதான் மிஸ் எனக்கு ஓடவே மாட்டேங்குது. அதுக்கு மட்டும் ஆறேழு மார்க் வருதாம்” என்றாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனாலும் சரி என்றேன். பிள்ளை பிறந்ததிலிருந்து நான் படித்த படிப்பெல்லாம் பால் பாட்டில் கழுவுவதில் கரைந்துகொண்டிருந்தது. யாரிடமாவது எதையாவது சரி, தப்பு என்று சொல்லி மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

நான் கான்வென்ட். பத்தாவதில் அறிவியல் தொண்ணூற்றெட்டு. எங்கள் சிஸ்டர் ஃபிலோமின் வகுப்பு எடுத்தால் கரும்பலகையைப் படம் பிடித்து மாட்டலாம். அப்படி ஒரு சுத்தம். ஆய்வுக்கூடம்கூட இருந்தது. பாட்டில்களெல்லாம் கண்ணாடி அலமாரிக்குள் வரிசையாக நிற்கும். வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் துடைத்து வைப்போம். திறந்ததில்லை. சிஸ்டர் எல்லா வினையையும் பலகையிலேயே நடத்தி முடித்துவிடுவார், ஒரு துளி வெளியே சிந்தாது.

அப்படிப் படித்த நான் இவளுக்குச் சொல்லித்தர வேண்டும். முதல் நாள், ‘ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீர் உண்டாகிறது.’ இதுதான் சொல் சமன்பாடு, இதை வாய்பாடாக மாற்று என்றேன். H₂ + O₂ → H₂O. அதுவரை எழுதிவிட்டாள். இடது பக்கம் இரண்டு ஆக்சிஜன், வலது பக்கம் ஒன்று. சமன் செய் என்றேன். கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தவள், நீருக்கு அடியில் குட்டியாக ஒரு இரண்டைச் செருகிவிட்டாள். H₂O₂.

“ரெண்டும் ரெண்டும் சரியாப் போச்சு மிஸ்.”

“சரியாப் போச்சா? நீ தண்ணியவே வேற எதுவோ ஆக்கிட்ட. அதைக் குடிச்சா குடல் வெந்துரும். காலடியில இருக்கிற சின்ன எண்ணைத் தொடக் கூடாது. தொட்டா பொருளே மாறிரும். முன்னால போடுற பெரிய எண்ணை மட்டுந்தான் மாத்தலாம்.”

விழித்தாள். நானே போட்டுக் காட்டினேன். 2H₂ + O₂ → 2H₂O. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொல்கிறாள்: “ஓ... குடத்துக்குள்ள கை வைக்கக் கூடாது. பத்தலைன்னா இன்னொரு குடம் வேணா கொண்டாந்து வைக்கலாம்.”

குடமாம்! எங்கள் சிஸ்டர் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார். அன்றிலிருந்து அவள் ஒரு சமன்பாடுகூடத் தப்பாகப் போடவில்லை என்பது வேறு விஷயம். பரீட்சைத் தாளில் குடம் என்று எழுத முடியுமா?

இன்னொரு கெட்ட பழக்கம், கேள்வி. “இது ரெண்டும் சேந்தா சுடுமா மிஸ்? பொங்குமா? வாசம் வருமா?” எனக்கு எப்படித் தெரியும்? “வாசத்துக்கு மார்க் கிடையாது, எண்ணிக்கையைப் பாரு” என்பேன். இல்லாவிட்டால் கதை ஆரம்பித்துவிடுவாள். அந்த மண்டபத்தில் இப்படி நுரைத்தது, இந்த வீட்டில் அப்படிப் புகைந்தது என்று. பக்கெட்டும் துடைப்பமும்தான் அவளுக்கு ஆய்வுக்கூடம்.

பதினேழா போகிறது? அதற்குள்ளா?

ஒரு நாள் வீட்டுப்பாடம் கொடுத்தேன். அன்றாட வாழ்க்கையிலிருந்து ஐந்து சொல் சமன்பாடு எழுதி வா என்று. நாலு பரவாயில்லை. இரும்பு துருப்பிடிப்பது, சுண்ணாம்பு நீற்றுவது, விறகு எரிவது, இன்னொன்று ஞாபகமில்லை. ஐந்தாவதைப் பார்த்ததும் எனக்கு வந்த சிரிப்பில் பிள்ளை விழித்துக்கொண்டான். என்ன எழுதியிருந்தாள் தெரியுமா?

பிளீச்சிங் + ஆசிட் → கண்ணெரிச்சல் + இருமல் + மூச்சுமுட்டல்

அதோடு விட்டாளா? அம்புக்குறிக்கு மேல், பொடி எழுத்தில், ‘கதவு சாத்தியிருந்தால்’.

“இது என்ன கதவு?”

“வினை நடக்கிற நிபந்தனைய அம்புக்கு மேல எழுதணும்னு நீங்கதான மிஸ் சொன்னீங்க.”

“வெப்பம், ஒளி, வினையூக்கி. அதைத்தான் எழுதுவாங்க. கதவு, ஜன்னலையெல்லாம் எழுத மாட்டாங்க.”

“திறந்து கெடந்தா அம்புட்டு ஆகாது மிஸ். போன வருசம் ஒரு கல்யாண மண்டபத்துல நானும் செல்லத்தாயும் தெரியாம ரெண்டையும் சேத்துப் போட்டு, உள்ள இருந்து கதவைச் சாத்திட்டுக் கழுவுனோம். அவளுக்கு ரெண்டு நாளு பேச்சே வரலை.”

“செல்லத்தாய் கதை பரீட்சைக்கு வராது” என்று சொல்லி, சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டேன். ‘விளைபொருள்களின் பெயர் எழுதுக’ என்று பக்கத்தில் குறித்து, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டேன். சிஸ்டர் அப்படித்தான் செய்வார்.

“அப்ப அதுக்கெல்லாம் பேரு என்ன மிஸ்? சொன்னீங்கன்னா எழுதிக்கிடுதேன்.”

“பாடத்திட்டத்துல இல்லை” என்றேன்.

தெரியாமல் சொல்லவில்லை. பிளீச்சிங் பவுடர் அவளுடைய புத்தகத்திலேயே இருக்கிறது, சலவைத்தூள் என்று. அந்த நேரம் பார்த்து இவன் அழுதான். எழுந்து போய்விட்டேன். சாயந்திரம் என் கணவரிடம் சொன்னேன். ரெக்ஸ் என்று பெயர், துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் இருக்கிறார். பி.காம். ஹைட்ரஜன் என்றால் பலூனுக்குள் இருப்பது என்ற அளவுக்குத் தெரியும். அவர்கூட விழுந்து விழுந்து சிரித்தார். “கண்ணெரிச்சலுக்கு எத்தனை அணு, மிஸ்?” என்று ஒரு வாரம் என்னைக் கேலி செய்துகொண்டிருந்தார்.

அந்த நாள்தானே? அதைத்தான் சொல்ல வருகிறேன். அன்றைக்கு என் மாமியார் பாளையங்கோட்டையிலிருந்து மதியம் வருவதாக இருந்தது. தினமும் போனில் அதே பல்லவி. “உனக்குக் கைப்பிள்ளைய வச்சு ஏலலைன்னா இங்க கொண்டாந்து விட்டுருத்தா. நான் ரெண்டு வளத்தவ.” இரண்டை வளர்த்த லட்சணம் எனக்குத் தெரியாதா? ஒன்று இன்னும் தன் சாக்ஸைத் தானே தேடத் தெரியாமல் என்னைக் கூப்பிடுகிறது. ஆனால் வந்தால் முதலில் குளியலறையைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். போன தடவை விரலால் டைல்ஸைத் தடவி ரெக்ஸிடம் காட்டினார்கள். “இந்தத் தரையிலதான் என் பேரன் தவழுதானா?” ரெக்ஸ் அந்த விரலைக் குனிந்து பார்த்தார். அதுதான் எனக்குப் பயம். இரண்டாவது மாடியில் ஒரு பிள்ளைக்கு வேறு டெங்கு என்றார்கள். நான் தூங்கி எத்தனை நாள் ஆகியிருந்தது என்று கேட்காதீர்கள்.

மஞ்சள் கறை. பிளீச்சிங் பவுடரைக் கொட்டித் தேய்த்தும் போகவில்லை. அப்படியே ஊறிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் ஆசிட் ஊற்றப்பட்டது. யார் ஊற்றியதா? சொன்னேனே, முத்துக்கனி. அவள்தான் கழுவுகிறவள்.

இவன் வாக்கரில், குளியலறை வாசலிலேயே இருந்தான். என் கண்ணை விட்டு அவனை நான் எங்கேயும் விடுவதில்லை. குளியலறைக்கு வழி படுக்கையறைக்குள்தான், அந்தப் படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. நாலைந்து நிமிடம் இருக்கும். முதலில் தொண்டையில் ஏதோ பிடித்தது. பிறகு கண். பிறகு இவன் இருமினான். அது பிள்ளை இருமுகிற மாதிரி இல்லை, கிழவன் இருமுகிற மாதிரி இருந்தது. பிடித்து இழுக்கிறேன். வாக்கர் வாசலில் சிக்கிக்கொண்டு நகரவே மாட்டேன் என்கிறது. அப்போதுதான் அவள் கதவை இடித்துத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். முந்தியை மூக்கில் அழுத்திக்கொண்டு, இவனை வாக்கரிலிருந்து அப்படியே உருவி எடுத்துக்கொண்டு ஓடினாள். என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்றே நினைத்தேன். திரும்பி வந்து என் நைட்டியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வராந்தாவில் போட்டாள். நைட்டியோடு! ஒரு மரியாதை தெரியவில்லை. மூன்றாவது மாடி முழுக்க நின்று பார்த்தது. “எல்லாக் கதவையும் தெறங்க, யாரும் உள்ள போகாதீங்க!” என்று எனக்கும் அப்பார்ட்மென்ட் செக்ரட்டரிக்கும் சேர்த்து அதட்டல் வேறு.

என்ன கேட்டீர்கள்? அவள் உள்ளேதானே கழுவிக்கொண்டிருந்தாள், எப்படி வெளியிலிருந்து வந்தாள் என்றா?

இந்த ஃபேன் ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது? ஆஸ்பத்திரியில் ஒரு ஃபேனை ஒழுங்காக வைக்கக் கூடாதா?

அவசரச் சிகிச்சையில் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். பினாயில் வாசம் என்று சொன்னேன். ரெக்ஸ் வந்து கேட்டார். பின்னாலேயே மாமியார், வாசலில் பையோடு நிற்கிறார்கள். “பிள்ளைக்கு என்னட்டி பண்ணுன?” எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். “முத்துக்கனி கழுவ வந்தா, எதையோ கலந்துட்டா” என்றேன். அவ்வளவுதான். ஒரு வாக்கியம். உடனே எல்லோருக்கும் நிம்மதி. ரெக்ஸ் என் தோளில் கை போட்டார். மாமியார்கூட எனக்குக் காப்பி வாங்கி வரச் சொன்னார்கள். எவ்வளவு சுலபமாக நம்புகிறார்கள் பாருங்கள், படித்தவர்கள்!

மறுநாள் கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் செக்ரட்டரி ராஜாமணி விசாரணை நடத்தினார். பணியிலிருந்து ஓய்வு பெற்றும் அதிகாரம் ஓய்வு பெறாத மனிதர். நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, “நீதான ஊத்துன?” என்றார். அவள் இல்லை என்று கத்துவாள், சத்தியம் பண்ணுவாள் என்று எதிர்பார்த்தேன். அழக்கூட இல்லை. என்னைப் பார்த்தாள். “மிஸ்கிட்ட கேளுங்க சார். அவங்களுக்குத்தான் இதெல்லாம் எழுதத் தெரியும்” என்றாள். என்ன திமிர் பாருங்கள். நான் இவன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன். அன்றோடு அவளை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து வந்தாள். வேலை கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வாசல்படி ஏறவில்லை. “பிள்ளைக்கு எப்படி இருக்கு?” என்றாள். மிஸ் என்று சொல்லவில்லை, கவனித்தேன். “இருக்கான்” என்றேன். “நோட்டைக் குடுங்க. பரீட்சைக்கு நாள் இல்லை. நான் எழுதுனது அம்புட்டும் அதுலதான் இருக்கு.”

“அன்னைக்கு நடந்த களேபரத்துல எங்கயோ போயிட்டு” என்றேன்.

நம்பவில்லை. நின்று பார்த்துவிட்டுப் போனாள். எப்படிக் கொடுப்பது? அந்தப் பக்கம் இருக்கிறதே. அவள் எழுதியது, என் சிவப்புக் கோடு, என் கையெழுத்து, விபத்துக்குப் பன்னிரண்டு நாள் முந்திய தேதி. அவளுக்குத் தெரியும் என்பதற்கும், தெரிந்து எனக்குச் சொன்னாள் என்பதற்கும் அதைவிட வேறு சாட்சி வேண்டாம். வீட்டில் வைத்தால் யாராவது எடுப்பார்கள். அதனால் இந்தப் பையிலேயே, டயப்பருக்கு அடியில் வைத்துக்கொண்டு அலைகிறேன். புதன்கிழமை அவளுக்கு அறிவியல் பரீட்சை. படிக்கிறவள் நோட்டு இல்லாமலும் படிப்பாள். இல்லையா?

இப்போது இந்த டாக்டர். போன தடவை ஜோவின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, “பினாயிலுக்கு இப்படி ஆகாதேம்மா” என்றார். ரெக்ஸ் பக்கத்திலேயே இருந்தார். “வேலைக்காரி எதையோ கலந்துட்டா டாக்டர்” என்றார். “எதையோன்னா எதுக்கு மருந்து குடுக்கிறது? என்ன கலந்தது, எவ்வளவு நேரம், கதவு சாத்தியிருந்ததா, இந்த மூணையும் சரியாத் தெரிஞ்சு எழுதிக்கொண்டு வாங்க” என்று ஒரு சீட்டைக் கொடுத்தார்.

இதோ அந்தச் சீட்டு. எழுதிவிட்டேன். பாருங்கள்.

CaOCl₂ + 2HCl → CaCl₂ + H₂O + Cl₂

கால்சியம் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஆக்சிஜன் ஒன்றுக்கு ஒன்று. ஹைட்ரஜன் இரண்டு. குளோரின் நாலுக்கு நாலு. எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு அணு பிசகாது. முத்துக்கனியின் ஐந்தாவது சமன்பாடு இதுதான். அவளுடைய கண்ணெரிச்சல், இருமல், மூச்சுமுட்டல் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பெயர், கடைசியில் இருக்கிறதே, அந்தக் குளோரின். டாக்டருக்குப் பார்த்தவுடன் புரியும். ரெக்ஸுக்கு ஆயுசுக்கும் புரியாது. அதோடு ஒரு வசதி. யார் ஊற்றியது என்று எழுதச் சமன்பாட்டில் இடமே கிடையாது. வேதியியலில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஆமாம், மற்ற இரண்டு கேள்வி இருக்கிறது. நேரம், கதவு. தெரியும். நீங்கள் ஒன்றும் ஞாபகப்படுத்த வேண்டாம். அதற்கு வாய்பாடு இல்லை.

கதவை நான்தான் சாத்தினேன். வாக்கர் உருண்டு பால்கனிப் பக்கம் போய்விட்டால்? அந்தக் கம்பி இடைவெளியில் இவன் தலையே நுழையும். இவன் விழுந்துவிடக் கூடாது என்றுதான் சாத்தினேன். கறை போகவில்லை என்று ஆசிட்டை ஊற்றியதும் நான்தான். அவள் பாடத்துக்கு வந்தவள். வராந்தாவிலேயே வாசம் பிடித்துவிட்டாள். போதுமா? இதைத்தானே அரை மணி நேரமாகக் கேட்கக் காத்திருந்தீர்கள்? இப்போது உங்கள் மகளை ஏன் அந்தப் பக்கம் நகர்த்துகிறீர்கள்? நான் என்ன, கையில் ஆசிட்டா வைத்திருக்கிறேன்? தொண்ணூற்றெட்டு மார்க் வாங்கினவள் நான்.

இருமுகிறான். ஒன்றுமில்லைடா, ஒன்றுமில்லை. அம்மா இருக்கேன்ல.

அம்மா இருந்தாள், அன்றைக்கும்.

இருபதா? அடுத்து நாங்கள்தான். அதோ, ஹெல்மெட்டைக் கையில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வருகிறாரே, அவர்தான் ரெக்ஸ். எப்போதும் சரியான நேரத்துக்கு வந்துவிடுவார், வேண்டாத நேரமானால் இன்னும் சரியாக.

இந்தப் பையைக் கொஞ்சம் பிடியுங்கள். அடியில், டயப்பருக்குக் கீழே, நீல அட்டை. ஆமாம், அதுதான். அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துக்கொண்டு போகலாம். ஆனால் பின்பக்கத்தில் அமில, கார வினைகள் இருக்கின்றன. அவளுக்குக் கட்டாயம் வரும் கேள்வி. கிழிக்க முடியாது. அப்படியே கொண்டுபோக வேண்டியதுதான். சீட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மகள் பத்தாவது படிக்கும்போது உதவும்.

நேரம் மட்டும்தான் இதில் இல்லை. அதை நான் வாயால் சொல்லிக்கொள்கிறேன். ஐந்து நிமிடம். மற்றதெல்லாம் எழுதியிருக்கிறாள். டாக்டர் மேசையில் விரித்து வைத்தால் ரெக்ஸும் குனிந்து படிப்பார். வாய்பாடு என்றால் கொட்டாவி விட்டிருப்பார். இவள் பாருங்கள், கண்ணெரிச்சல், இருமல், கதவு என்று பி.காம். படித்தவனுக்கும் புரிகிற மாதிரி எழுதித் தொலைத்திருக்கிறாள். படித்துவிட்டுக் கீழே தேதியைப் பார்ப்பார். பிறகு என் கையெழுத்தை. சாயந்திரமே பாளையங்கோட்டைக்குப் போன் போகும். அதற்கு மேல் இவன் யாரிடம் வளர்வான் என்று எனக்குத் தெரியாது.

பேனா இருக்கிறதா? சிவப்பு இல்லையா? நீலமே கொடுங்கள்.

மூன்றுக்கு இரண்டரை போடுகிறேன். விளைபொருள்களின் பெயர் எழுதவில்லை, அதற்கு அரை மார்க் குறைக்கத்தான் வேண்டும். கேட்டதற்கு மிஸ் சொல்லித்தரவில்லை என்று புதன்கிழமை யாரும் கூட்டிப் போடப்போவதில்லை. இன்றைக்குச் சாயந்திரம் நோட்டு அவள் கைக்குப் போகும்போது, பக்கத்தில் நானே பெயர்களை எழுதிக் கொடுத்துவிடுவேன்.

ஆமாம், இருபத்தொன்று, நாங்கள்தான். வருகிறேன் சிஸ்டர். அந்தக் கதவை மட்டும் சாத்தாதீர்கள்.